‘கட்டவுட்’ பாட்டும் ஒரு டூப்ளிகேட் மைக்கும்

நேற்றிரவு பதினொன்றேகாலுக்கு ‘கட்டவுட்’ பாட்டின் கடைசி மிக்ஸ் முடிந்தது. பாட்டின் நீளம் 4 நிமிடம் 11 விநாடி. செய்து முடிக்க ஏழு மாசம். இடையில் இரண்டு தரம் கிற்றாரை உறைக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, இனி இந்த வேலையே வேண்டாம் என்று இருந்தேன். இரண்டு தரமும் திரும்ப இறக்க வைத்தது கலை ஆர்வமில்லை, போட்ட காசு.

நான் கொக்குவிலில் இருக்கிறேன். பகலில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். கிற்றார் நானாகப் பழகியது. கொழும்பில் ஸ்ரிக்மாற்றா மாதிரிக் குழுக்கள் இருபது வருஷத்துக்கு மேலாக ஹெவி மெற்றல் வாசிக்கிறார்கள். இங்கே ஊரில் “ஹார்ட் ரொக் செய்யிறம்” என்று சொன்னால், “கலியாண வீட்டுக்கு வருவியளோ?” என்று கேட்பார்கள். எங்கள் கூட்டம் நாலு பேர்: நான், பேஸ் வாசிக்கிற மச்சான், பாடுகிற பொடியன், பிறகு வந்து சேர்ந்த இணுவில் தவில்காரத் தம்பி.

பாட்டு வந்த கதையைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். மாசி மாசம் ஒரு பெரிய நடிகரின் படம் வருகிறதுக்கு முதல்நாள் இரவு, தியேட்டருக்குப் பின்பக்க ஒழுங்கையால் சைக்கிளில் வந்தேன். கட்டவுட் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். முன்னுக்கு நின்று பார்த்தால் நாற்பதடி ஆள், கறுப்புக் கண்ணாடி, தோளில் துவக்கு. பின்னுக்கு நின்று பார்த்த எனக்குத் தெரிந்தது சிலாகை, கட்டுக்கம்பி, மண் மூட்டை, அதோடு ஓட்டையை அடைக்கப் பழைய தேர்தல் பனர் ஒன்றின் துண்டு. அந்தத் துண்டில் ஆரோ ஒரு வேட்பாளரின் பாதிச் சிரிப்பு தலைகீழாக. அடுத்தநாள் காலமை அதே கட்டவுட்டுக்குப் பால் பைக்கற் வெட்டி ஊற்றினார்கள்.

அதே கிழமை எங்கள் ஒழுங்கைக்கு ஒரு யூரியூப்காரர் உதவி கொடுக்க வந்தார். அரிசி, மா, சீனி, ரின்மீன் போட்ட பை. ஒரு ஆச்சி வாங்கினா. கமெராக்காரப் பொடியன் சொன்னான்: “அம்மா, இன்னொருக்கா வாங்குங்கோ, வெளிச்சம் காணாது.” ஆச்சி பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினா. மூன்றாந்தரம் கொஞ்சம் கண்கலங்கச் சொன்னார்கள். ஆச்சி ஒரு சிரிப்புச் சிரித்தா பாருங்கோ. பல்லவி அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது:

இன்னொருக்கா வாங்குங்கோ — வெளிச்சம் காணாது!
இன்னொருக்கா அழுங்கோ — வெளிச்சம் காணாது!

முதல் சரணத்தில் கட்டவுட்:

முன்னாலை முகம், பின்னாலை சிலாகை
காத்தடிச்சாத் தெரியும் கனம்

முதற் பிழை வரிகளிலேயே நடந்தது. இரண்டாவது சரணத்தில் அந்த யூரியூப்காரரின் பேர் தெரிகிற மாதிரி எழுதிவிட்டேன். வாசித்துப் பார்த்தால் பாட்டில்லை, கோள். அதை வெட்டினேன். மூன்றாவதில் இரசிகர்களை முட்டாள் என்று திட்டியிருந்தேன். மச்சான் பேஸைக் கழற்றிக் கீழே வைத்தான். “நானும் முதல் ஷோவுக்குப் போறவன்தான். நாள் முழுக்கச் சீமெந்து மூட்டை தூக்கிப்போட்டு இரண்டரை மணித்தியாலம் விசிலடிக்கிறது என்ரை காசிலை. என்னை ஏன் பேசுறாய்?” அவன் சொன்னது சரி. பால் ஊற்றுகிறவனில் பொய் இல்லை, அவனுக்கு உண்மையாகவே விருப்பம். அந்த விருப்பத்தைக் காசாக்குகிற ஏற்பாட்டில்தான் பொய் இருக்கிறது. சரணத்தைத் திரும்ப எழுதப் பத்து நாள் போனது. இப்போது அதில் வருவது றிபன் வெட்ட வருகிற பிரபலம், அவர் வந்திறங்குகிற வாடகைக் கார், அவருக்குப் பின்னால் நிற்கக் கூலிக்குக் கூட்டி வந்த நாலு கறுப்புச் சேட்.

மெட்டுக்கு ஆறாவது தந்தியை ஒரு சுரம் இறக்கினேன், ட்ரொப் டி. அந்தத் தடிச்ச தந்தி 82 ஹேர்ட்ஸிலிருந்து 73க்கு இறங்கும். வழமையான 46 தடிப்பு (அங்குலத்தில் ஆயிரத்தில் 46 பங்கு) இறங்கினால் தளர்ந்துபோய் பலகையில் அடிபடும், அதனால் 10–52 செற் போட்டேன். றிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிற்றார்த் துண்டு, அந்தத் தடிச்ச தந்தியிலேயே ஓடுகிறது: வெறுந்தந்தி இரண்டு தரம், கிற்றார்க் கழுத்தின் மூன்றாம் கட்டை, வெறுந்தந்தி, ஆறாம் கட்டை, திரும்ப மூன்று, இரண்டு. அந்த ஆறாம் கட்டைதான் பாட்டுக்கே காரம். நான் இதை ஏதோ வெள்ளைக்காரச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தவில்காரத் தம்பி கேட்டுவிட்டு, “அண்ணை, இது சண்முகப்பிரியா ராகமெல்லோ?” என்றான். பார்த்தால் உண்மைதான். டியைச் சட்சமாக வைத்தால் ஆறாம் கட்டை பிரதி மத்திமம். திருவிழாவில் நாதஸ்வரத்தில் கேட்டுக் கேட்டு ஊறினது விரலால் வந்திருக்கிறது போல.

அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. முந்தி அப்பா வெங்காயம் கட்டித் தூக்கின அறை, வளையில் கயிறு இன்னும் தொங்குகிறது. மழை பெய்தால் இப்பவும் வெங்காய மணம். சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம். கை தட்டினால் ‘டங்ங்’ என்று திரும்ப வரும். இங்கே எல்லோரும் செய்கிற பிழையை நானும் செய்தேன்: முட்டைத் தட்டு. கடையொன்றில் தட்டு 20 ரூபாப்படி 30 தட்டு, ஒட்டுகிற பசை 1,250 ரூபா. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டினேன். கை தட்டுகிற சத்தம் கொஞ்சம் மழுங்கியது, பேஸின் இரைச்சல் ஒரு இம்மியும் குறையவில்லை. சித்திரை வெக்கையில் பசை இளகி, மூன்றாம் நாள் இரவு தட்டுக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அம்மம்மா கள்ளன் என்று எழும்பி லைற் போட்டா.

வேலை செய்தது பழைய தும்பு மெத்தை. கூடிய விலை கொடுத்து ஒன்றும் வாங்கவில்லை. வீட்டில் ஒன்று, மாமா வீட்டில் ஒன்று. இரண்டையும் அறையின் இரண்டு மூலைகளில் சுவரோடு ஒட்டாமல் அரையடி விட்டுச் சாய்த்தேன். நிலத்தில் இரண்டு பாய், மேலே ஒரு கம்பளி. அவ்வளவுதான். பேஸ் அடங்கியது. முட்டைத் தட்டுக்களைப் பக்கத்து வீட்டுக்காரர் கோழிக்குஞ்சு வளர்க்க வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்தது ஹம். இதில்தான் ஒன்றரை மாசம் போனது, அதனால் விபரமாகவே எழுதுகிறேன். அம்பை (அம்ப்ளிஃபயரை)ப் போட்டவுடன் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். கிற்றார் தந்தியைத் தொட்டால் குறையும், விட்டால் கூடும். முதலில் கேபிளைச் சந்தேகித்து புதுக் கேபிள் 2,200 ரூபாவுக்கு வாங்கினேன். வித்தியாசமில்லை. கிற்றாரைத் திறந்து பூச்சு ஒட்டின இடமெல்லாம் திரும்ப ஈயம் வைத்தேன். வித்தியாசமில்லை. அந்தக் கேபிளை வாங்குகிறதுக்கு முன்னம் காசில்லாமல் செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. லப்ரொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓட விடுங்கள். நான் அப்படிச் செய்தபோது கீச்சிடுகிற சத்தம் ஒன்று உடனே நின்றது. ரியூப் லைற்றை நிப்பாட்டினேன், சரசரப்பு நின்றது. கதிரையை வடக்குப் பக்கம் திருப்பி இருந்தேன், இன்னும் குறைந்தது. சிங்கிள் கொயில் கிற்றார் அப்படித்தான், ஒரு பக்கம் பார்த்து இருந்தால் ஹம் பிடிக்கும், திரும்பினால் விடும். ஆனால் அடியில் அந்த 50 ஹேர்ட்ஸ் ‘ம்ம்’ மட்டும் போகவில்லை.

கடைசியில் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் மீற்றரை வைத்துப் பார்த்த ஐந்தாவது நிமிடம் சொன்னார்: “தம்பி, உங்கடை பிளக்கிலை மூண்டு ஓட்டை இருக்கு, ஏர்த் இல்லை.” வெளியே ஏர்த் கம்பியின் கிளம்ப் துருப்பிடித்து நூல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் கம்பி அடிக்கப் போனால் இரண்டரை அடியில் சுண்ணாம்புக் கல். இடம் மாறினால் அங்கேயும் கல். யாழ்ப்பாணத்து நிலத்தில் இது புதினமில்லை, கிணறு வெட்டினவர்களைக் கேட்டால் தெரியும். மூன்றாவது இடம் வாழைப் பாத்தி. கிணற்றடியில் குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணியெல்லாம் அந்தப் பாத்திக்குத்தான் போகும். மண் எந்த நாளும் ஈரம். நாலடிக் கம்பி முழுசாக இறங்கியது. வேலைக்கூலி 3,500, கம்பி, கிளம்ப், பச்சை வயர் எல்லாம் 4,850. ஹம் போய்விட்டது. ரிப் சுவிச்சும் இப்போதுதான் ஒழுங்காக விழுகிறது என்று காட்டினார். பாட்டுக்காகப் பார்க்கப்போய் வீடு தப்பியது. சிலர் ஹம்மை நிப்பாட்டப் பிளக்கின் ஏர்த் காலை உடைத்துவிடச் சொல்லுவார்கள். செய்யாதீர்கள். சத்தம் நிற்கும், பிறகு ஆளும் நிற்கலாம்.

இனி மைக். கிற்றார் அம்புக்கு முன்னால் வைக்கவும் பாடவும் ஒரே மைக் போதும் என்று ஷூர் எஸ்எம் 57 வாங்க முடிவெடுத்தோம். 1965இல் வந்த மைக், இன்றைக்கும் மேடைகளில் அம்புக்கு முன்னால் நிற்கிறது. இணையத்தில் ஒருவர் 14,500 ரூபாவுக்கு ‘புதுசு, ஒறிஜினல், பெட்டியோடு’ என்று போட்டிருந்தார். மற்ற இடங்களில் 46,000. இந்த வித்தியாசத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. பெட்டி வடிவு, பை வடிவு, எழுத்துக்கூட வடிவு.

அதில்தான் கிற்றார் எல்லாம் பதிந்தேன். 15 வொட் அம்ப், மைக் துணியிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, ஸ்பீக்கரின் நடுவுக்கு நேரே இல்லாமல் கூம்பின் ஓரத்துக்கு. முதலில் கெயினை 8இல் வைத்து வாசித்தேன். அறையில் கேட்க ராட்சதன், பதிவில் கேட்க வண்டு. 5க்குக் குறைத்து, அதே றிஃபை இரண்டு தரம் தனித்தனியாக வாசித்து ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் தள்ளினேன். அப்போதுதான் சுவர் மாதிரி வந்தது. ஒரு பதிவைப் பிரதி எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் வராது, முயன்று பார்த்துவிட்டேன். கை இரண்டு தரம் வாசிக்கிறதில் வருகிற சின்னச் சின்னப் பிசகில்தான் அந்த அகலம் இருக்கிறது.

நேரம் இன்னொரு சண்டை. காலமை கோவில் ஸ்பீக்கர். பிறகு மீன்காரரின் ஹோர்ன். பின்னேரம் நாலரைக்கு பாண் ஓட்டோ, பீத்தோவன் எலீசுக்கு எழுதின மெட்டை ரீங் ரீங் என்று அடித்துக்கொண்டு ஒழுங்கை முழுக்கச் சுற்றும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஒன்றும் நடக்காது, நடக்கவும் கூடாது. எங்களுக்கு மிஞ்சினது மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்றுக்கும் இடையில், ஊர் சாப்பிட்டுச் சரிகிற நேரம். ஃபானை நிப்பாட்டித்தான் பதிய வேண்டும். வேர்வை வழிந்து, இரண்டு கிழமையில் தந்தி துருவேறிக் கறுத்தது. இன்னொரு செற், 3,200.

கிற்றாரில் டூப்ளிகேட் பிடிபடவில்லை. பாடுகிற பொடியன் வாயைத் திறந்தபோது பிடிபட்டது. ‘வெளிச்சம்’ என்கிறதில் ‘ச்ச’ வந்தால் தகரம் கிழிகிற மாதிரி. நெஞ்சுக் குரல் முழுக்கக் காணோம். கிட்டப் போய்ப் பாடினாலும் வராது. தயாரிப்பாளர் கொடுத்த விபரத்தைத் தேடிப் பார்த்தேன், எஸ்எம் 57இன் நிறை 284 கிராம். வீட்டில் நிறுக்க ஒன்றுமில்லை. கடையில் இருக்கிற தராசு ஆணி நிறுக்கிறது, பத்து கிராமுக்குக் கீழே காட்டாது. அப்பாவின் கூட்டாளி ஒருவர் கஸ்தூரியார் வீதியில் நகை செய்கிறார். அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் மைக்கை வாங்கி, கண்ணாடியை இறக்கி, தட்டில் வைத்தார். ஃபானை நிப்பாட்டினார். இலக்கம் ஆடி ஆடி 243இல் நின்றது.

“எவ்வளவு இருக்க வேணும்?”

“284, அண்ணை.”

மேசையில் விரலால் ஏதோ கணக்குப் போட்டார். “முப்பத்தைஞ்சரைப் பவுண் இருக்க வேண்டியதிலை முப்பது பவுணும் மூண்டு கிராமும் இருக்கு. அஞ்சு பவுணுக்கு மேலை அடிச்சிட்டான்.” பிறகு மைக்கைக் காதுக்குக் கிட்ட வைத்து ஆட்டிப் பார்த்தார். “பவுண் எண்டா உரைகல்லிலை உரைச்சுச் சொல்லுவன். இதுக்குத் திறந்துதான் பாக்க வேணும்.” நகைக்கடைச் சின்னத் திருப்புளியால் அவரே கழற்றினார். ஒறிஜினலில் கைபிடிக்குள் ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் இருக்க வேண்டும். இதில் அந்த இடத்தில் வெள்ளைப் பசையால் ஒட்டின ஒரு இரும்புத் துண்டு. வயரொன்றும் அதற்குப் போகவில்லை. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டுமென்று மட்டும் வைத்திருக்கிறார்கள். எங்கள் கடையில் கிலோக் கணக்கில் விற்கிற சாமான். அவர் அதைத் தனியாக நிறுத்தார்: 61 கிராம். பிறகு சிரிக்கத் தொடங்கினார். பாட்டு எதைப் பற்றி என்று நான் அவருக்கு அப்போது சொல்லவில்லை.

விற்றவருக்கு எழுதினேன், வட்ஸ்அப்பில் இரண்டு நீலச் சரி மட்டும் வந்தது. நாலு பேரும் சேர்ந்து காசு போட்டு 46,000க்கு உண்மையானதை வாங்கினோம். பிறகு கண்ணைக் கட்டாத குறையாக ஒரு சோதனை வைத்தோம். ஒரே றிஃப், ஒரே அம்ப், ஒரே இடம், இரண்டு மைக்கிலும் பதிந்து எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். கிற்றாரில் மூன்று பேரும் மாறி மாறிப் பிழை விட்டார்கள், மச்சான் டூப்ளிகேட்டைத்தான் ஒறிஜினல் என்று சத்தியம் பண்ணினான். குரலில் முதல் வரியிலேயே எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். அதனால் பதிந்த கிற்றாரைத் திரும்பப் பதியவில்லை, அது டூப்ளிகேட்டிலேயே நிற்கிறது. காசு மிச்சம், கோபம் மிச்சமில்லை.

தவில் கடைசியில் வந்த யோசனை. ட்ரம்ஸ் செற் எங்களிடம் இல்லை. சரணமும் பல்லவியும் கணினியில் அடித்த ட்ரம்ஸ்தான், போலியைத் திட்டுகிற பாட்டில் போலி ட்ரம்ஸ் என்று ஆரும் எழுதுகிறதுக்கு முதல் நானே எழுதிவிடுகிறேன். நடுவில் 16 பார் (தாளச் சுற்று) மட்டும் உண்மையான தோல் வேண்டும் என்று இணுவில் தம்பியைக் கேட்டேன். திருவிழாக் காலம், அவனுக்கு ஓய்வே இல்லை. ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கோவில் மேளம் முடிந்த கையோடு வேட்டியும் சால்வையுமாக வந்தான். தவிலின் இடப்பக்கத் தொப்பிக்கு ஒரு மைக், வலப்பக்க வலந்தலைக்கு ஒரு மைக். தொப்பிக்கு டூப்ளிகேட்டை வைத்தது பிழை, பூவரசங்கழியால் ஒரு அடி அடித்தான், சத்தம் மிஞ்சிவிட்டதென்று சிவப்பு லைற் எரிந்தது. மாற்றி வைத்தேன். மூன்றடி தள்ளினேன். அப்பவும் எரிந்தது. அறைக்கு வெளியே விறாந்தையில் இருத்தி, மைக்குகளைக் கதவடியில் வைத்தபோதுதான் அடங்கியது. மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெரிங்கர் பெட்டியின் கெயின் அநேகமாக அடியில். தவில் என்ன சத்தம் போடும் என்று கோவில் வெளிவீதியில் கேட்டவனுக்கு விளங்காது, ஓட்டு வீட்டுக்குள் கேட்க வேண்டும்.

அவனுக்குக் காதுக்குள் தாளம் காட்டுகிற கிளிக் போட்டேன், நிமிடத்துக்கு 132. நாலாவது பாரில் அவன் கிளிக்கை விட்டுவிட்டு ஓடினான். “அண்ணை, இது கழுத்திலை கயிறு கட்டினமாதிரி.” அடித்ததை அன்றிரவு கணினியில் கட்டத்துக்குள் தள்ளி ஒவ்வொரு அடியையும் நேராக்கினேன். நேராக வந்தது, செத்தும் வந்தது. மூன்று மணித்தியால வேலை, அழித்தேன். பிறகு மறுவளமாகச் செய்தேன்: அவன் ஓடினபடியே விட்டு, பாட்டின் வேகத்தை அவனுக்குப் பின்னால் இழுத்தேன். 132இல் உள்ளே போகிறவன் 137இல் வெளியே வருகிறான், கடைசிப் பல்லவி அந்த 137இலேயே போகிறது. அதற்காகக் கடைசிப் பகுதிக் கிற்றாரும் பேஸும் திரும்ப வாசிக்க வேண்டி வந்தது, இரண்டு ஞாயிறு. பாட்டில் ஆரும் முதலில் கேட்கிற இடம் இப்போது அதுதான்.

குரல் பதிய அம்மாவின் சீலை அலுமாரி. இரண்டு கதவையும் திறந்து, பொடியன் சீலைகளைப் பார்த்தபடி நிற்க, மைக் அவனுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில், முதுகுக்குப் பின்னால் ஒரு தும்பு மெத்தை. காசு கொடுத்துக் கட்டின அறைகளில்கூட இவ்வளவு சுத்தமாக நான் கேட்கவில்லை. ஒரே கரைச்சல் நப்தலின் உருண்டை. மூன்று வரிக்கு ஒருக்கால் இருமினான். உருண்டைகளைப் பொறுக்கி வெளியில் வைத்து, ஒரு நாள் கதவைத் திறந்து விட்டு, அடுத்தநாள் பதிந்தோம்.

பல்லவியின் கடைசி ‘காணாது’ இறங்கி இறங்கி வந்தது. ஒருக்கால், இரண்டு தரம், பத்துத் தரம். இருபத்துமூன்றாவது தரம் நான் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, “தம்பி, இன்னொருக்கா பாடு, கடைசிச் சொல்லு காணாது” என்றேன். அவன் சீலைக்குள் முகத்தை வைத்துச் சிரிக்கத் தொடங்கினவன் நிப்பாட்ட முடியவில்லை. எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கினபோது அன்றைக்கு வேலை அவ்வளவுதான் என்று எல்லோரும் பிளேன்ரீ குடிக்கப் போய்விட்டோம். அந்தச் சிரிப்பு பதிவில் இருக்கிறது, கடைசிப் பல்லவிக்கு முன்னால் விட்டிருக்கிறேன். சுருதியைத் திருத்துகிற மென்பொருளை முழுப் பாட்டுக்கும் போட்டுப் பார்த்தேன், பொடியன் பாடினமாதிரி இல்லை, ரெலிபோன் கம்பனிப் பெண் கதைக்கிறமாதிரி. கழற்றிவிட்டேன். ஒரே ஒரு சொல்லில் மட்டும் இருக்கிறது. எந்தச் சொல் என்று கேட்காதீர்கள்.

மிக்ஸ் ரீப்பர் என்கிற மென்பொருளில். 60 நாள் சும்மா பாவிக்கலாம், எங்களுக்கு 60 நாள் காணவில்லை, 60 டொலர் கட்டினோம். ஹெட்ஃபோனில் நல்லாக இருந்த மிக்ஸைக் கூட்டாளியின் ஓட்டோவில் போட்டேன். பின் சீற்றுக்குக் கீழே வூஃபர் ஸ்பீக்கர் வைத்த ஓட்டோ. கதவே இல்லாத வாகனம், ஆனால் முதுகெலும்பு ஆடியது. கிற்றாரின் 73 ஹேர்ட்ஸும் பேஸும் கிக் ட்ரம்மும் ஒரே கதிரையில் இருக்கச் சண்டை. கிற்றாரில் 90க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினேன், 250 அளவில் பேஸைக் கொஞ்சம் பள்ளமாக்கினேன். திரும்ப ஓட்டோ, திரும்ப வீடு, ஆறு தரம். கூட்டாளி ஏழாவது தரம் பெற்றோல் காசு கேட்டான். கடைசியில் சத்த அளவை -14 லஃப்ஸில் வைத்தேன். அதற்கு மேலே தள்ளினாலும் யூரியூப் தானே குறைத்துவிடும்.

செலவு: டூப்ளிகேட் மைக் 14,500, உண்மையான மைக் 46,000, கேபிள் இரண்டு 4,400, தந்தி இரண்டு செற் 6,400, ஏர்த் வேலை 8,350, முட்டைத் தட்டும் பசையும் 1,850, ரீப்பர் ஏறத்தாழ 18,000, றோல்ஸ், கொத்து, பிளேன்ரீ 7,000. கூட்டினால் 106,500 ரூபா. கிற்றார், அம்ப், பெரிங்கர் இன்ரர்ஃபேஸ், லப்ரொப் முந்தியே இருந்தவை. இதில் மைக்கிலும் முட்டைத் தட்டிலும் ஒரு கேபிளிலும் போனது 18,550. அதை என் படிப்புச் செலவாக எழுதியிருக்கிறேன்.

அடுத்த பாட்டுக்கு ஒழுங்கை மாற்றுவேன். முதல் நாளே ஏர்த் பார்ப்பேன், மைக்கை வாங்குகிற இடத்திலேயே நிறுப்பேன், தவிலை முதலில் பதிந்துவிட்டு மற்றவர்கள் அதற்குப் பின்னால் ஓடுவோம். பாடுகிறவனைப் பத்துத் தரத்துக்கு மேல் பாட விடமாட்டேன், கடைசியில் நாங்கள் எடுத்தது நாலாவது தரம் பாடினது.

பாட்டை ஏற்றுகிறதுக்கு முதல் ஒரு பொடியன் வந்து, ஐயாயிரம் ரூபா தந்தால் பத்தாயிரம் வியூஸ் ஏற்றித் தரலாம் என்றான். பாட்டைக் கேட்டாயோ என்று கேட்டேன். கேட்டதாம், நல்லாயிருக்காம், அதுதான் கழிவு விலையாம். மச்சான் ஒரு நிமிடம் யோசித்தான், அதையும் மறைக்கவில்லை. இந்த வரியை எழுதுகிற நேரம் 212 பேர் பார்த்திருக்கிறார்கள், அதில் முப்பது நாற்பது நான்.

அம்மா அலுமாரியைத் திருப்பிக் கேட்கிறா, வாற கிழமை கலியாண வீடு. நப்தலின் உருண்டைகளைத் திரும்ப எண்ணி வைத்தேன், இரண்டு குறைகிறது. பதிவறை யன்னல் சோளகக் காற்றுத் தொடங்கினதிலிருந்து இரவிரவாக அடிபட்டுக்கொண்டிருந்தது, கொக்கி எப்பவோ உடைந்துவிட்டது. மைக்குக்குள் இருந்த இரும்புத் துண்டை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் செருகியிருக்கிறேன். அளவாக இருக்கிறது.